கழுத்துரு பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். மகன் பிறந்து 20 நாள். கர்ப்பகால ஸ்கேனிலேயே அவனுக்கு இடது சிறுநீரகம் வீங்கித் தெரிந்தது. பிறந்த பிறகும் வீக்கம் இருக்கிறது. சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு இருக்கலாம், ஆறு வாரமானதும் ரீனோகிராம் (ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுப்போம், ஆபரேஷனும் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். சேமிப்பு 2 லட்ச ரூபாய் எஃப்.டி. மட்டும். அம்மா தன் கழுத்துருவை (நகரத்தார் அணியும் தங்கத் தாலி) அடகு வைக்கச் சொல்கிறார். ஏஜென்ட் ஒருவர், ‘ஸ்கேனைச் சொல்லாமல் பாலிசி போட்டுவிடலாம்’ என்கிறார். எனக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே.

பதில்: ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது. மறைத்தால் க்ளெய்மும் போகும், கட்டிய பிரீமியமும் போகும். சொல்லி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம்.

உங்கள் அவசரம் ஆபரேஷன் இல்லை, ஹெச்.ஆரிடம் பேசுவதுதான். கம்பெனியின் குரூப் பாலிசியில் குழந்தையைச் சேர்த்தாயிற்றா? பல இடங்களில் பிறந்த 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். அப்படியானால் உங்களுக்குப் பத்தே நாள். பிறவிக் கோளாறில் உள் (வெளியே தெரியாதது), வெளி (கண்ணுக்குத் தெரிவது) என இரு வகை உண்டு. இது உள் வகை. பாலிசிகள் பெரும்பாலும் கவர் தராமல் விடுவது வெளி வகைக்குத்தான். இருந்தாலும் ‘உள் பிறவிக் கோளாறுக்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா?’ என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

கழுத்துருவுக்கு இப்போது வேலையே இல்லை. இப்படி வீக்கத்தோடு பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு அது தானாகவே வடிந்துவிடும். ரீனோகிராமில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த சோதனைகளில் இறங்கினாலோ, வீக்கம் ஏறினாலோதான் பொதுவாக ஆபரேஷன் பேச்சு வரும். குறுகிய பகுதியை வெட்டி எடுத்து மீண்டும் இணைப்பார்கள். பைலோபிளாஸ்டி என்று பெயர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தரும்.

பலர் மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகு வரும் பில்லில். உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தால், சில வாரம் கழித்து அதை எடுக்கக் குழந்தைக்கு மறுபடி மயக்க மருந்து, மறுபடி அட்மிஷன். எஸ்டிமேட் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாள் சோதனைச் செலவைப் பல பாலிசிகள் திருப்பித் தரும். ஆனால் அதற்காக ரீனோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு கருத்து கேட்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். அவசரமானால் அதன் மேலேயே கடன் கிடைக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனாலோ மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் மூடிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.