இனிப்பு நாக்கின் நுனியில் மட்டும்தான் தெரியுமா?

நுனியில்தான் இனிப்பு தெரியுமா, ஒருவருக்குத் திகட்டுவது இன்னொருவருக்குச் சப்பென்று இருக்க நாக்கின் அமைப்புதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நுனியில் இனிப்பு, உள்ளே அடிநாக்கில் கசப்பு என்று நாக்கைப் பாகம் பிரித்துக் காட்டும் அந்தப் படத்தை நம்பவே வேண்டாம். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது இடத்துக்கு இடம் சின்ன வித்தியாசம் மட்டுமே. 1942இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் போட்ட வரைபடம் அதைப் பெரிதாகக் காட்டிவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் மறுபடி சோதித்து, வித்தியாசம் அற்பம் என்று காட்டினார். ஆனாலும் படம் பாடப்புத்தகங்களை விட்டுப் போகவில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் வேலூர்ப் பக்கம் ஆற்காடு மக்கன் பேடா வாங்கினால் ஜீரா கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு நாக்கின் ஓரத்தில் வையுங்கள், நன்றாகவே தித்திக்கும். நட்டநடுவில் மட்டும் மங்கலாக இருக்கும், அங்கே சுவையை உணரும் செல்களின் கூட்டமான சுவை அரும்புகள் குறைவு. அப்புறம் நீல ஃபுட் கலர் ஒரு சொட்டு நாக்கில் தடவிக் கண்ணாடியில் பாருங்கள். நீலம் ஏறாமல் இளஞ்சிவப்பாக நிற்கும் குட்டிக் குட்டி மேடுகள் நுனியில் நெருக்கமாகத் தெரியும். அரும்புகள் அவற்றுக்குள் இருக்கின்றன. அரும்பின் செல்கள் சுமார் பத்து நாளில் மாறிக்கொண்டே இருப்பதால், சூடான காபியில் சுட்ட நாக்கும் சீக்கிரம் தேறிவிடுகிறது.

இனிப்பை உண்மையில் பிடிப்பது அந்தச் செல்களின் மேலுள்ள டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த ஏற்பி, அதாவது இனிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும் இடம். இதற்குச் சிறுகுறிஞ்சான் என்ற மூலிகைக் கொடியைவிட நல்ல சாட்சி கிடையாது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வதுபோல் இருக்கும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். நாக்கின் மேடுகள் அப்படியேதான் இருக்கின்றன. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் அந்த ஏற்பியை மட்டும் கொஞ்ச நேரம் முடக்கிவிடுகிறது. பூனைக்கு டி1ஆர்2 மரபணு பழுதானதால் இனிப்பே தெரியாது, அதன் நாக்கிலும் மேடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பாதிப் பேடாவே திகட்டும், தாத்தா இன்னும் ஜீரா ஊற்றச் சொல்வார். மேடுகள் எத்தனை என்பதும் ஓரளவு காரணம்தான். ஆனால் மரபணு, வயது, தினமும் எவ்வளவு சர்க்கரைக்குப் பழகியிருக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்தே வருகிறது. பண்டத்தின் சூடும் உண்டு: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பேடா, வெளியே வைத்ததைவிட இனிப்புக் குறைவாகவே தெரியும்.

எப்போதும்போல் போட்ட காபியில் திடீரென்று இனிப்பே தெரியவில்லை என்றால் சர்க்கரையைக் கூட்டாதீர்கள். புதிதாக மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், சில மருந்துகள் சுவையை மாற்றும்.