90 ரூபாய் சட்டையின் உண்மையான அடக்க விலை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு இல்லை. பொம்மனஹள்ளியில் ஒரு கோடவுனில், ஏற்றுமதியில் மிஞ்சிய ஆண்கள் சட்டை 1,000 பீஸ், பீஸ் 90 ரூபாய் என மொத்த லாட்டாகத் தருகிறார்கள். வாங்கலாமா? தேங்குவதை ஓசூர் கடைகளுக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மேலே அடுக்கிவைத்த சாம்பிளை விடுங்கள். அடியில் கிடக்கும் மூட்டையை நீங்களே கைகாட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். சைஸ் வாரியாக எண்ணுங்கள். நன்றாக ஓடுகிற எம், எல் போய்விட்டு எஸ்ஸும் டபுள் எக்ஸெல்லும் மட்டும் மிஞ்சியிருந்தால் அது கட் சைஸ் லாட். விலையை இன்னும் இறக்கிக் கேளுங்கள். அப்புறம் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து அக்குள் தையல், எண்ணெய்க் கறை, இரண்டு கைக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடர் நிறச் சட்டையில் ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்தால் சாயம் போவது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. சட்டைக்கு 90,000. 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 4,500. பதிவு இல்லாததால் அந்த வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. வண்டிக்கூலி, இஸ்திரி, கவர் எல்லாம் சேர்த்து 5,500 என்று வைத்தால் மொத்தம் ஒரு லட்சம். நூறு பீஸ் கழிவு, இருநூறு செகண்ட்ஸ் (சின்னக் குறையுள்ள சட்டை) பீஸ் ஐம்பது ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். மிச்சம் 90,000-ஐ 700 நல்ல சட்டைகள் சுமக்க வேண்டும். பீஸ் அடக்கம் கிட்டத்தட்ட 129 ரூபாய். இந்த அடக்கத்தில் உங்கள் கடையில் லாபம் நிற்குமானால் தாராளமாக வாங்குங்கள்.

பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். திருட்டுச் சரக்கு என்று நாளைக்குப் பேச்சு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநிலம் தாண்டிச் சரக்கு விற்க, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற விலக்கு இதற்குப் பொருந்தாது. சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தாலும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. அதனால் தேங்குவதை முதலில் ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கமே தள்ளப் பாருங்கள். பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, அப்படியே அள்ளினால் ஒரு விலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே விலைக்குப் பொறுக்க விட்டால் நல்லதெல்லாம் போய், செகண்ட்ஸ் முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.