லினக்ஸ் நிறுவி எத்தனை நாள் ஆனது?

கேள்வி: பழைய மேசைக் கணினி ஒன்று வாங்கினேன். அதில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. எப்போது நிறுவினார்கள் என்று அறிய ‘அப்டைம்’ கொடுத்தால், 3 மணி நேரம் என்கிறது. சரியான நாள்கணக்கைச் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுத முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும், மூன்றே வரிதான். அப்டைம் கடைசியாகக் கணினி கிளம்பிய நேரத்திலிருந்து எண்ணும். நமக்கு வேண்டியது ரூட் டைரக்டரி, அதாவது எல்லாக் கோப்புகளையும் அடக்கிய முதல் டைரக்டரி, பிறந்த நேரம். டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் அதைக் குறித்து வைத்திருக்கிறது.

முதல் வரியில் ‘ஸ்டாட்’ கட்டளை. அதற்கு மைனஸ் சி, பிறகு சதவீதக் குறியோடு பெரிய எழுத்து டபிள்யூ, கடைசியில் ஒற்றைச் சாய்கோடு. 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நொடிகள் வரும். அடுத்த வரியில் ‘டேட்’. பிளஸ், சதவீதக் குறி, சிறிய எழுத்து எஸ். இது இப்போதைய நொடி. மூன்றாவது வரியில் கழித்து 86,400-ஆல் வகுத்தால் நாள்கணக்கு.

ஆனால் உங்கள் 20.04-ல் முதல் வரி பூஜ்யம்தான் தரும். ஸ்டாட் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸில், 2019-ல் வந்த 8.31 முதல்தான் ஸ்டாட்டுக்கு இந்த நேரத்தைப் படிக்கத் தெரியும்; உங்களிடம் இருப்பது 8.30. அதனால் நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையை முன்னால் போட்டு, ‘டியூன்2எஃப்எஸ் மைனஸ் எல்’ என்று ரூட் பார்ட்டிஷனை (ரூட் டைரக்டரி இருக்கும் டிஸ்க் பகுதியை) கேளுங்கள். ‘ஃபைல்சிஸ்டம் கிரியேட்டட்’ என்ற வரியில் தேதி இருக்கும்.

இந்தத் தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். என் மடிக்கணினியில் 2015-ல் டெபியன் 8 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டேன். அதையே மேம்படுத்தி மேம்படுத்தி 12 வரை கொண்டுவந்தேன். மறுபடி நிறுவவே இல்லை. நடுவில் 2018-ல் எஸ்எஸ்டி மாற்றியபோது, புது பார்ட்டிஷனை உருவாக்கி எல்லாவற்றையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம், கோப்புகளின் தேதி மாறாமல் நகலெடுத்தேன். இன்று ஸ்கிரிப்ட் 2018 என்கிறது! வார் டைரக்டரிக்குள் உள்ள லாக் டைரக்டரியில் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ டைரக்டரியின் கோப்புகளோ 2015 என்கின்றன. அவைதான் உண்மை. மேம்படுத்தியதால் எந்தத் தேதியும் மாறவில்லை, பாருங்கள்.

உங்களுடையது கைமாறிய கணினி என்பதால் இன்னொன்றும் உண்டு. ஒரே டிஸ்கை அப்படியே குளோன் செய்து பல கணினிகளில் ஏற்றி விற்பார்கள். அப்போது ஃபைல்சிஸ்டம், இன்ஸ்டாலர் கோப்புகள் ஆகிய இரண்டு இடத்திலும் தாய் டிஸ்கின் தேதியே வரும். அப்புறம், உபுண்டு 20.04 வெளியான 2020 ஏப்ரலுக்கு வெகு முன்னால் ஒரு தேதி வந்தால், நிறுவிய அன்று மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் தவறியிருக்கலாம். அல்லது பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியிருக்கலாம். இன்ஸ்டாலர் டைரக்டரியில் ‘மீடியா இன்ஃபோ’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். முதலில் எந்தப் பதிப்பைப் போட்டார்கள் என்பது அதில் எழுதியிருக்கும்.