பெட்டி வாங்கும் முன் அட்டையை வெட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. நாமே வண்ணம் தீட்டிய சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டான வார்ஹேமர் 40,000 ஆட்டங்களை யூடியூபில் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஒரு பெட்டியின் விலையே மலைக்க வைக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷைத் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. கூட ஆடவும் ஆளில்லை. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், கோவை

பதில்: ஆடிப் பார்க்கும் முன்பே முழுப் படையையும் வாங்கிவிடுவதுதான் இதில் எல்லோரும் காசைத் தொலைக்கிற இடம். என் அலமாரியிலும் பிரிக்காத பெட்டிகள் மூன்று கிடக்கின்றன.

வார்ஹேமரில் விதிகளையும் பொம்மைகளையும் ஒரே கம்பெனி விற்பதால், இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. அப்படியில்லை. இதே மாதிரி ஆட்டங்களுக்கு விதி எழுதும் ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற நிறுவனம் தன் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது. ஆறு முகப் பகடைகளும் அங்குலம் போட்ட டேப்பும் இருந்தால் ஆடலாம். 2015-இல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற இன்னொரு ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், கூலி வீரர்கள் எட்டுப் பேர் என்று பக்கத்துக்குப் பத்து உருவங்களோடு கணக்கு முடிந்துவிடும். யார் செய்த பொம்மையை வைத்தாலும் கேள்வி கிடையாது.

முதல் இரண்டு மூன்று ஆட்டங்களைப் பொம்மைக்குப் பதில் அட்டையில் வெட்டிய வட்டங்களை வைத்தே ஆடுங்கள். உங்களுக்குப் பிடித்தது ஆட்டமா, வண்ணம் தீட்டுவது மட்டும்தானா என்று தெரிந்துவிடும். இரண்டாவது ரகத்தினர் நிறையப் பேர். அவர்கள் விதிப் புத்தகமே வாங்க வேண்டாம்.

ஆள் கிடைக்காத சிக்கலுக்கு ஒரே வழி, இரண்டு தரப்புப் படைகளையும் நீங்களே வைத்திருப்பது. செஸ் ஆட வருபவரிடம் கறுப்புக் காய்களை வாங்கிக்கொண்டு வா என்றா சொல்கிறோம்? மச்சானோ ஆபீஸ் நண்பரோ வெறுங்கையோடு வரட்டும்.

பொம்மைக்கு, 1/72 அளவு பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டிகளைத் தேடுங்கள். ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். ஒரே பெட்டியில் நாற்பது பேர்கூட இருப்பார்கள். பெரும்பாலும் வளைகிற பிளாஸ்டிக் என்பதால், சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும்.

கழுவியபின் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. மழை நாளில் ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம். காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு மாவு பூத்ததுபோல் சொரசொரப்பாகும். பிரஷ்ஷால் பூசுவது மெதுவான வேலை, ஆனால் பத்திரம். அக்ரிலிக் பெயின்டைக் குப்பியிலிருந்து நேராகப் பொம்மைமேல் வைக்காதீர்கள். தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு முறை பூசுங்கள்; கெட்டியாக ஒரே முறை பூசினால் முகத்தில் மூக்கு தங்காது. நம் வெயிலில் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். பழைய டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன்மேல் கலந்தால் மாலை முழுக்க ஈரமாக இருக்கும்.

நிறங்கள் காய்ந்ததும், வாஷ் எனப்படும் நீர்த்த அடர் பழுப்புப் பெயின்டை மேலே ஓட விடுங்கள். அது சட்டை மடிப்பிலும் விரலிடுக்கிலும் போய்த் தங்கி, நீங்கள் வரையாத நிழலை வரைந்து கொடுக்கும். எனக்கு இன்றைக்கும் இதுதான் பிடித்த கட்டம். காலடித் தட்டில் ஃபெவிகால் தடவிச் சலித்த மணலைத் தூவுங்கள். வடிகட்டிக் காயவைத்த டீத்தூள் அச்சு அசலான காட்டுத் தரை.

இப்படி முதலில் ஐந்து பேரை முடியுங்கள். மிச்சப்பேர் பெட்டியிலேயே காத்திருக்கட்டும்.

ஆடும் மேசையில் வைக்கிற மேடு, பாறைக்கெல்லாம் தெர்மாகோல் போதும். அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்; அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செதுக்கிய குன்று பத்தே நிமிடத்தில் பள்ளமானது. ஃபெவிகால் கலந்த அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் இடைவெளி இல்லாமல் பூசிக் காயவிட்டு, பிறகு எதையும் செய்யுங்கள்.