ஆம்ப்பை மாற்றும் முன் சோபாவை நகர்த்துங்கள்

கேள்வி: ஈரோட்டில் சொந்த வீடு. ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். டி.வி. இருக்கும் 11 அடிச் சுவரில் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. மூன்று வருடத்துக்கு முன் 50 வாட் ஆம்ப்போடு (ஆம்ப்ளிஃபையர்) ஆரம்பித்தேன். பேஸ் (அடி ஒலி) குமுறுகிறது, குரல் காதில் குத்துகிறது என்று ஆம்ப்பை 100 வாட்டுக்கு மாற்றினேன். பிறகு தனியாக ஒரு டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின் அலையாக மாற்றும் பெட்டி) வாங்கினேன். போன மாதம் 18,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் கேபிள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான். "முதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சு" என்கிறார் மனைவி. இத்தனைக்கும் கடையில் கேட்டபோது சொக்க வைத்த ஸ்பீக்கர் இது. அடுத்து ஸ்பீக்கரை மாற்றுவதா, மறுபடி ஆம்ப்பையா? லேப்டாப்பை இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தமும் வருகிறது.

பதில்: இரண்டையும் மாற்றாதீர்கள். நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. நீங்கள் மாற்ற நினைக்காத ஒரே பொருள்தான் உங்களைப் படுத்துகிறது. அது அந்த ஹால்.

பேஸ் ஏன் குமுறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 25 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. உங்கள் ஹாலின் நீளம் 4.9 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலை சரியாகப் பொருந்தி நிற்க, ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது 35 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 35 அதிர்வு. அதன் இரட்டிப்பு 71. அகலத்துக்கு இதே கணக்குப் போட்டால் 52, உயரத்துக்கு 57. இந்தச் சுருதிகளில் ஏதாவது ஒன்று பாட்டில் வந்தால் ஹால் தானும் சேர்ந்து பாடும், பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்கும். பேஸ் கிடாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ், 'டி' தந்தி 73. சினிமாப் பாட்டில் சில சுரங்கள் மட்டும் தனியாகப் பொங்குவது இதனால்தான். எல்லா பேஸும் பொங்கினால் அது ஸ்பீக்கரின் குணமாக இருக்கலாம். சிலது மட்டும் பொங்கி, அடுத்தது காணாமல் போனால் அது அறையின் வேலை.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கருவி மிருதங்கம். நல்ல தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றைப் போட்டு, தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், வாசிக்கும் கும்கியை மட்டும் கவனியுங்கள். அந்த நாதம் கீழிருந்து வளைந்து மேலே ஏறும். ஏறும் வழியில் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று பெருத்து, ஓரிடத்தில் மெலிந்தால், அது வித்வான் கை செய்வது இல்லை. அப்படியே எழுந்து ஹாலின் நடுவுக்கு நடந்து பாருங்கள். பொங்கும் இடம் மாறிவிடும். ஆம்ப் அதே, கேபிள் அதே.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. பேஸில் ஒரு பங்கை அது அதிர்ந்தே தின்றுவிடும், ஒரு பங்கு அதன் வழியே வெளியே போய்விடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பெரும்பகுதியை உள்ளேயே திருப்பி அனுப்பும். அங்கே 'பேஸ் கொஞ்சம் மெலிவு' என்று குறை சொல்லப்பட்ட ஸ்பீக்கர் இங்கே போதும் போதும் என்கிற அளவுக்கு அடிக்கும்.

இப்போது உங்கள் சோபா. ஹால் நீளவாக்கில் சேர்ந்து பாடும் சுருதி எதுவாக இருந்தாலும் இந்தச் சுவரை ஒட்டிய இடத்தில்தான் ஒலியின் அழுத்தம் உச்சம். சுவரில் தலை சாய்த்து உட்காருகிறவர் அந்தக் குமுறலை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். நேர் நடுவில் உட்கார்ந்தால் 35 ஹெர்ட்ஸ் சுத்தமாகக் காணாமல் போகும், அதுவும் வேண்டாம். பின்சுவரிலிருந்து சுமார் 6 அடி தள்ளிய இடம் நல்ல ஆரம்பம். ஹாலுக்குள் அவ்வளவு தூரம் தள்ளி சோபாவைப் போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பாட்டு கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பிரம்பு நாற்காலியை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 7 அடி இருந்தால், நாற்காலியும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரத்தில் அமையும். சோபாவில் இருந்தபோது 12 அடிக்கு அப்பால் இருந்தீர்கள், ஸ்பீக்கரை விடச் சுவர்களைத்தான் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 2 அடியாவது முன்னே இழுங்கள், மூலையிலிருந்து விலக்குங்கள். பின்னால் ஓட்டை இருக்கும் டவர் என்றால், ஒரு பழைய காட்டன் சாக்ஸைச் சுருட்டி அதில் அடைத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சில கம்பெனிகள் இதே காரியத்துக்குப் பெட்டியிலேயே ஸ்பாஞ்ச் உருளை வைத்துத் தருகிறார்கள்.

குரல் குத்துவது வேறு சங்கதி. டைல்ஸ், கண்ணாடி, பூசிய சுவர் எல்லாம் மேல் சுரங்களை அப்படியே திருப்பி அடிக்கின்றன. 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒரு வார்த்தை அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் விட்டார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமந்து வந்து, ஒவ்வொன்றாக வைத்து எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார், விடிவதற்குள் திருப்பி வைத்தார். கட்டட ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து வந்தது. அதை உங்கள் ஹாலுக்குப் போட்டால், சாமான் இல்லாத வெறும் ஹாலில் எதிரொலி அடங்க இரண்டு வினாடியை நெருங்கும். சோபாவும் மெல்லிய திரையும் சேர்ந்து ஒரு வினாடிக்குக் கொண்டுவரலாம். அரை வினாடிக்குக் கீழே வந்தால்தான் குரல் தெளியும். கடையின் டெமோ அறையில் கீழே கார்ப்பெட், சுற்றிலும் துணிச் சுவர் இருந்திருக்குமே?

நீங்களும் சபைன் செய்ததையே செய்யுங்கள். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டை எடுத்து, ஒன்றை சோபாவுக்குப் பின் சுவரில் சாத்துங்கள், இன்னொன்றை ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் போடுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குக் கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம் கேளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். வித்தியாசம் பிடித்திருந்தால் மட்டும் செலவு: ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வைத்து மடிப்பு விழும் கனத் திரை, அடியில் ஃபெல்ட் வைத்த தடிமனான விரிப்பு, சுவரில் 2 முதல் 4 அங்குல ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையைத் துணியால் மூடி மாட்டுவது. பவானி ஜமுக்காளம் பார்க்க அழகு, ஆனால் அதன் தடிமனுக்கு உச்சச் சுரங்களை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். முட்டை அட்டையும் மெல்லிய ஸ்பாஞ்ச் ஷீட்டும் அதே கதை. அவற்றைச் சுவர் முழுக்க ஒட்டினால் மேலே செத்துப்போய், கீழே குமுறல் அப்படியே நின்று, முன்பை விட மோசமாக இருக்கும்.

சரி, செலவழித்தவை பற்றி. 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். சத்தம் இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். கேபிளில் பார்க்க வேண்டியது தடிமன் மட்டும்தான். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 5 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. சந்தேகம் இருந்தால் 2.5 போடுங்கள். அந்த 18,000-த்தைக் கடை திருப்பி எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். டாக் விஷயத்தில், 2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. உயர் தெளிவுப் பதிவையும், அதையே சி.டி. தரத்துக்குக் குறைத்ததையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கவிட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வாரம் நன்றாக இருந்தது எப்படி? புதுப் பெட்டி அரை டெசிபல் சத்தமாக இருந்தாலே காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். மீதியைக் கண்ணும் பர்ஸும் பார்த்துக்கொள்ளும். 1994-இல் ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்தும் மறைக்காமலும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். கண்ணால் பார்த்தபோது பெரியவையும் விலை கூடியவையும் மேலே போயின, திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் கம்பெனி ஊழியர்கள் என்பதுதான் வேடிக்கை. உங்கள் வீட்டம்மாவுக்கு எதை மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது என்பது தெரியாது என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த வீட்டில் நம்ப வேண்டிய காது அவருடையதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன் என் வீட்டில் பேஸே இல்லை, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை என்று ஆம்ப்புக்கு முன்னால் மாட்டும் விலை கூடிய ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன்: இடது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி இருந்தன. மாட்டியது நானேதான். ஆகவே முதல் வேலையாக உங்கள் கம்பிகளைப் பாருங்கள். ஆம்ப்பை அணைத்து, கேபிளை ஆம்ப் பக்கம் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவைச் சிவப்புக் கம்பியிலும் நெகட்டிவைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் வூஃபர் (பேஸுக்கான பெரிய கூம்பு) வெளிப்பக்கமாகத் துள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் மூன்று வருடப் புலம்பலில் பாதி அங்கேயே முடிந்தது. பிறகு பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டால், குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். அந்தக் காலப் பதிவில் இருக்கும் இரைச்சலும் மேல் சுரக் குறைவும் எந்தப் பெட்டி வாங்கினாலும் போகாது, அதற்காக ஒன்றும் மாற்றாதீர்கள்.

கடைசியாக அந்த 'ம்ம்ம்'. சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லேப்டாப்பும் ஆம்ப்பும் இரண்டு வழியாக எர்த்துக்குப் போய் ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் பாட்டு கேட்கும்போது சார்ஜர் வேண்டாம். எர்த் பின்னை ஒடித்துவிட்டாலும் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஒடிக்காதீர்கள், ஆம்ப் உள்ளே கசிவு வந்தால் அந்த பின் இல்லாத வீட்டில் ஷாக் அடிப்பது வால்யூமைத் திருகுகிறவருக்குத்தான்.