பார்க்கிங் மழைநீரைப் போர்வெல்லில் விடலாமா?

புது அடுக்குமாடியிலும் விடவே கூடாது. வண்டி நிற்கும் தரையில் ஓடும் நீரில் எண்ணெயும் டயர் துகளும் கலந்திருக்கும். குழாய் வழியே இறக்கினால் மண் வடிகட்ட வாய்ப்பே இல்லை. அந்நீரை எண்ணெய் பிரிக்கும் தொட்டி தாண்டி, புல் வளர்ந்த ஆழமற்ற பள்ளத்தில் விடுங்கள்.

மாடி நீர் வேறு. 100 சதுர மீட்டரில் 50 மி.மீ. பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தேறும். முதல் மழையை வெளியேற்றி, மீதியை வண்டல் தொட்டி வழியாகக் கசிவுக் கிணற்றுக்கு, அதாவது ஜல்லி நிரப்பி நீரை மண்ணில் ஊறவிடும் கிணற்றுக்கு, அனுப்பலாம். கிணற்றின் அடிமட்டம், மழைக்கால நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்கட்டும். செப்டிக் டேங்க் அருகே தோண்டாதீர்கள்.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? கட்டட வேலை முடியுமுன்பே கிணற்றைத் திறந்துவிடுகிறார்கள். சிமென்ட் பால் இறங்கி ஜல்லி இடுக்குகளை அடைத்துவிடுகிறது. பூச்சு, டைல்ஸ் வேலை முடிந்து, மாடியைக் கழுவிய பிறகே குழாயை இணையுங்கள். களிமண் நிலமென்றால், கிணறு நிரம்பி வழியும் நீரை வெளியேற்றும் வழிகால் குழாய் கட்டாயம். அது மழைநீர் வடிகாலில் சேரவேண்டும், பாதாளச் சாக்கடையில் அல்ல.