பதினோரு பேர் வந்த கூட்டம்

வணக்கம் ஐயா,

செந்தூலில் எங்கள் கோயில் இளைஞர் பிரிவு போன மாதம் மனநல விழிப்புணர்வு உரை நடத்தியது. 150 நாற்காலி போட்டோம். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஏழு பேர் செயலவையினர். "அங்க வந்து உட்கார்ந்தா என்னை மெண்டல்னு பேசுவாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நம் மக்களுக்கு இதெல்லாம் தேவையில்லையா? மறுபடி நடத்தலாமா?

வாசகி, செந்தூல்

அன்புள்ள வாசகிக்கு,

மீதி நான்கு பேரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. ஊர் பார்க்க அந்த மண்டபத்துக்குள் நடந்து வந்தவர்கள் அவர்கள்.

உங்கள் அக்காவின் பயத்துக்கு ஓர் ஊர்ப்பெயர் உண்டு: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில், 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்தார்கள். இன்றைக்கு அது உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. 'பகாகியா' என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறி என்ன, நம் வாயில் அது இன்னும் வசவுதான். கணக்கில் நான் கோட்டை விட்டபோதெல்லாம் "உன்னத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார் அம்மா. அங்கே ரம்புத்தான் பழம் நிறையக் கிடைக்கும்போல என்று நினைத்துக்கொள்வேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவையே மலேசிய நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. அவ்வளவு காலம் வாய்மூடி இருந்த சனம் ஒரு பேனரைப் பார்த்தா பேசத் தொடங்கும்?

தேவை இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. உங்கள் 150 நாற்காலியும் நிறைந்திருந்தால் அதில் ஆறேழு பேர்.

ஆனால் நம்மவர்கள் மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை பாரம், ராத்திரி தூக்கமே இல்லை என்பார்கள். பனடால் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அந்த வழியாகவே போங்கள். உரை வேண்டாம். ('நேர்மறையாகச் சிந்தியுங்கள்' என்று மைக்கில் கேட்டால் எனக்கே எழுந்து போகத் தோன்றும்.) வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானத்துக்குக் கூட்டம் சேரும்போது, ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் பார்க்கும் மேசை ஒன்று போடுங்கள். அதற்கு வரிசை நிற்கும். கையில் பட்டை சுற்றியிருக்கும்போது "தூக்கம் எப்படிக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் நீண்டால், சற்றுத் தள்ளி இரண்டு நாற்காலி போட்டு வைத்திருங்கள். குறுக்கே பேசாதீர்கள். "எல்லாம் சரியாயிடும்" என்பதுகூட வேண்டாம்.

அடுத்து அரசாங்கக் கிளினிக். கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள், கூடப் போய்வாருங்கள். வாசல்வரை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி ஆதரவுச் சேவை இருக்கிறது, 1970 முதல்: 03-7627 2929.

மேசை போட நாளாகும். அதற்கு முன்னால், இந்த வாரமே, அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தேநீருக்குக் கூப்பிடுங்கள். செயலவையைக் கூட்டாமல்.